மேற்குத் தாழ்வாரத்தில் ஓர் ஓட்டை உருளி

எங்கள் வீட்டுத் தாழ்வாரம் மேற்குப் பார்த்தது. புதுக்கோட்டையில் அப்படி ஒரு தாழ்வாரம் இருந்தால் ஏப்ரலிலிருந்து ஜூன் வரை துணி காயப்போட மட்டும்தான் ஆகும். மதியம் ஒன்றரைக்கு மேல் வெயில் படியேறி வந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும். இருட்டிய பிறகும் சுவரில் கை வைக்க முடியாது. இந்தக் கோடையில் வெளியூர்ப் பயணம் கிடையாது என்று முடிவானதும், சரி, அந்த இடத்தையாவது உட்காரும்படி ஆக்குவோம் என்று ஆரம்பித்த வேலை இது. பழைய சாமான், வீட்டுப் பூ, கொஞ்சம் கைவேலை.

முதலிலேயே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். அந்தத் தாழ்வாரத்தில் மனுஷர் உட்காரக்கூடிய வேளை இரண்டே இரண்டு: காலையில் பத்து மணி வரை, சாயந்திரம் ஆறுக்கு மேல். அங்கே வருகிற பூ எதுவானாலும் இந்த இரண்டு வேளையில் ஒன்றிலாவது விரிந்திருக்க வேண்டும். பழைய சாமான் எதுவானாலும் நிழலோ, தண்ணீரோ, உட்கார இடமோ தர வேண்டும். பார்க்க மட்டும் என்று ஒன்று வந்தால், தூசி துடைக்க இன்னொன்று சேர்ந்தது என்றுதான் அர்த்தம். இந்த விதி இல்லாமல் காரைக்குடிக்குப் போயிருந்தால் பர்ஸ் காலியாகியிருக்கும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளிலிருந்து கழன்று வந்தவை கூரை வரை அடுக்கியிருக்கும். பர்மா தேக்குத் தூண், ஸ்வீடன், ஜப்பான் முத்திரை போட்ட எனாமல் அடுக்கு, ரசம் போன கண்ணாடி, ஊறுகாய் ஜாடி, பூட்டு, சாவி. எனக்கு வேண்டியது வாய் அகன்ற ஒரு வெண்கல உருளி, தண்ணீர் ஊற்றிப் பூ மிதக்கவிட.

உருளி வாங்கும்போது கண்ணைவிடக் காதைத்தான் நம்ப வேண்டும். விளிம்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, விரல் முட்டியால் ஒரு தட்டு. வெண்கலம் என்றால் மணி மாதிரி நீளமாக இழுக்கும். பித்தளை சீக்கிரமே அடங்கிவிடும். விரிசல் விட்டது 'கர்ர்' என்று சொரசொரக்கும். வெண்கலத்தில் செம்போடு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வெள்ளீயம் கலந்திருப்பதால்தான் அந்த ஓசை. அதே காரணத்தால்தான் அது நசுங்காது, உடையும். கீழே விழுந்த பித்தளைக் குடத்தைத் தட்டி நிமிர்த்திவிடலாம். வெண்கல உருளியிடம் சுத்தியல் கொண்டு போகவே கூடாது.

பழசு மாதிரி ஆக்கிய புதுசும் அங்கே உண்டு. அமிலம் தடவியது என்றால் பச்சை எல்லா இடத்திலும் ஒரே சீராக இருக்கும். அடுப்பேறி உழைத்த உருளியில் அப்படி இருக்காது. அடியில் கரி, நெருப்பு ஏறிய பக்கத்தில் தடிமனாக இருக்கும். உள்ளே கரண்டி சுரண்டிய கோடுகள், எல்லாம் கிண்டியவரின் கை போன திசையில் வளைந்து போகும். நான் எடுத்த உருளியில் அந்த வளைவு அவ்வளவு தெளிவாக இருந்தது, எந்தக் கையால் பாயசம் கிண்டினார்கள் என்றே சொல்லிவிடலாம் போல. தட்டினால்தான் 'கர்ர்'. அடியில் எங்கோ விரிசல். கடைக்காரர் மறைக்கவில்லை. "தண்ணி நிக்காதும்மா, எடை விலைக்கே எடுத்துக்கங்க" என்றார். நல்ல உருளியின் விலையில் பாதிகூட ஆகவில்லை.

வீட்டில் அத்தை ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தார். "ஓட்ட உருளியில தண்ணி ஊத்தி வைக்கவா காரைக்குடி வரைக்கும் போன?" அதற்குத்தான்.

முதல் வேலை விரிசல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று கண்டுபிடிப்பது. தண்ணீர் ஊற்றினால் ஒழுகுகிறது என்று தெரியுமே தவிர, கீழே எல்லாம் நனைந்துவிடுவதால் ஆரம்பமும் முடிவும் புலப்படாது. இதற்குப் பட்டறைக்காரர்கள் செய்கிற சுலபமான வழி ஒன்று இருக்கிறது. உருளியின் வெளிப்பக்கத்தில் கரியைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பைக் கரைத்துப் பூசிக் காயவிட வேண்டும். நன்றாக வெளுத்ததும் உள்ளே கொஞ்சம் மண்ணெண்ணெய். மண்ணெண்ணெய் முடி அளவு விரிசலிலும் ஊர்ந்துவிடும். சற்று நேரத்தில் வெள்ளைச் சுண்ணாம்பில் கறுத்த கோடு ஒன்று தானாக எழுந்து வந்தது, அடிப்பாகத்தின் நடுவிலிருந்து ஓரம் நோக்கி, என் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு. வெறும் கண்ணுக்கு அதில் பாதிதான் தெரிந்திருந்தது. கோட்டின் இரண்டு நுனியிலும் ஆணியால் புள்ளி வைத்து அடையாளம் செய்துகொண்டேன்.

இந்த நுனிகள்தான் முக்கியம். மேலே எதைப் பூசினாலும் நுனி கூராக இருக்கும்வரை விரிசல் மேற்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டு முனையிலும் 2 மில்லிமீட்டர் பிட்டால் ஒரு சின்ன ஓட்டை போட்டுவிட்டால் ஓட்டம் அங்கே நின்றுவிடும். ஓட்டையை அடைக்க இன்னும் ஓட்டையா என்று அத்தை கேட்டது நியாயம்தான், ஆனால் வேலை அப்படித்தான். டிரில்லை மெதுவாகச் சுழலவிட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, அழுத்தாமல் இறக்க வேண்டும். உடைகிற உலோகம் என்பது நினைவில் இருக்க வேண்டும்.

அடைப்பதற்கு எம்-சீல் போதும் என்று பலர் சொன்னார்கள். தண்ணீர் மட்டும் நிற்க அது போதும்தான். ஆனால் வெயிலில் சூடாகி, குளிர்ந்த தண்ணீர் பட்டு, மறுபடி சூடாகிற இடத்தில் அது எவ்வளவு காலம் பிடிக்கும் என்ற சந்தேகத்தில் ஈயப்பற்று வைக்கக் கொடுத்தேன். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிறவர் இன்னும் எங்கள் பக்கம் இருக்கிறார். கரி அடுப்பில் உருளியை ஒரேயடியாக வைக்காமல், ஓரத்தில் காட்டிக் காட்டிச் சூடேற்றினார். திடீர்ச் சூட்டில் வெண்கலம் வெடித்துவிடும். பிறகு, ஈயம் பிடிப்பதற்காகப் போடுகிற நவச்சார உப்பை விரிசலில் தேய்த்தார். குப்பென்று வெள்ளைப் புகை வந்தது. அந்தப் புகையை முகர்வது நல்லதல்ல. திறந்தவெளியில் காற்றுக்கு முதுகு காட்டிச் செய்கிற வேலை அது. வெள்ளீயம் உருகி விரிசலுக்குள் இறங்கியதும் பஞ்சால் ஒரே இழுப்பு. உள்பக்கம் ஒரு வெள்ளிக் கோடு மாதிரி நின்றது. இனி அது அடுப்பேறாது; ஏற்றினால் ஈயம் இளகிவிடும். அதை வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வைத்தாயிற்று.

சுத்தம் செய்வதில் நான் பாதியில் நிறுத்திக்கொண்டேன், வேண்டுமென்றேதான். உள்பக்கத்துக்குப் பழைய புளியும் கல்லுப்பும். புளியில் இருக்கிற அமிலம் களிம்பைக் கரைக்கும். பத்து நிமிஷத்துக்கு மேல் ஊறவிடக் கூடாது. தேங்காய் நாரால் தேய்த்து, நிறைய தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே துணியால் துடைத்துவிட வேண்டும். ஈரத்தோடு விட்டால் அடுத்த நாளே திட்டுத் திட்டாகக் கறுக்கும். கடைசியில் சலித்த விபூதியால் ஒரு உலர்ந்த தேய்ப்பு. வெளிப்பக்கத்துக் கரியைச் சுண்ணாம்பு பூசிய இடத்தில் சுரண்டியதோடு சரி. மொத்தமும் பளபளவென்று ஆக்கினால் கல்யாண மண்டப வாசலில் வைத்த வாடகை உருளி போல ஆகிவிடும். கீழே கறுப்பு, உள்ளே பொன்நிறம், இதுதான் உருளிக்கு அழகு.

இரும்பு முக்காலி ஒன்றில் அதை இருத்தி, அதற்கப்புறம்தான் தண்ணீர் ஊற்றினேன். பத்து லிட்டருக்கு மேல் பிடிக்கிறது. நிரப்பிவிட்டுத் தூக்கி வைக்கலாம் என்ற எண்ணமே வேண்டாம். எங்கள் ஆழ்துளைத் தண்ணீர் உப்பு. அது வற்றுகிற இடத்தில் வெள்ளையாக வளையம் கட்டும். எலுமிச்சைத் தோலால் ஒரு சுற்றுத் தேய்த்தால் போய்விடும்.

கொசு விஷயத்தைச் சொல்லாமல் உருளியைப் பற்றி எழுதக் கூடாது. தேங்கிய நல்ல தண்ணீர்தான் டெங்குக் கொசுவுக்கு இஷ்டம். முட்டையிலிருந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. அந்தக் கொசு தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரச் சுவரில்தான் முட்டையை ஒட்டும். முட்டை காய்ந்தாலும் சாகாது. அதனால் ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு, சுவரை நாரால் தேய்த்துவிட்டுத்தான் புதுத் தண்ணீர்.

இனி பூ. காலை வேளைக்குச் செம்பருத்தி. ஒற்றை அடுக்குச் செம்பருத்தியைச் சூரியன் ஏறுவதற்குள் பறித்துவிட்டால் தண்ணீரே இல்லாமல் வெறும் தட்டில் வைத்தாலும் சாயந்திரம் வரை விரிந்தே இருக்கும், அப்புறம் சுருட்டிக்கொள்ளும். செடியில் விட்டாலும் அதற்கு ஆயுசு அவ்வளவுதான், அதனால் பறிக்கிறோமே என்ற குற்ற உணர்ச்சி தேவையில்லை. உருளியில் மிதக்க நந்தியாவட்டையும் காகிதப்பூவும். காகிதப்பூவில் நிறமாக நாம் பார்ப்பது பூ கிடையாது, பூவைச் சுற்றியிருக்கும் இலைச்செதில். நடுவில் சின்னதாக வெள்ளையாக இருப்பதுதான் பூ. அதனால்தான் தண்ணீரில் போட்டால் மற்ற இதழ்கள் அழுகிய பிறகும் அது நிறம் விடாமல் நிற்கிறது. அந்தச் செடிக்குத் தண்ணீரைக் குறைக்கக் குறைக்க நிறம் கொட்டும். கோடையில் சோம்பேறிக்கு இவ்வளவு ஏற்ற செடி வேறு இல்லை. அரளியை மட்டும் உருளிப் பக்கமே விடவில்லை. இலை, பூ, பால் எல்லாம் விஷம். உருளித் தண்ணீரில் வாய் வைக்கத் தெருநாய் ஒன்று தினமும் வருகிறது.

சாயந்திர வேளைக்கு அந்திமந்தாரையும் குண்டுமல்லியும். அந்திமந்தாரை நாலு மணி வாக்கில் விரிய ஆரம்பித்து மறுநாள் காலையில் சுருங்கும். அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி என்று யாரும் நம்ப மாட்டார்கள், அவ்வளவு நம் கொல்லைச் செடியாகிவிட்டது. மிளகு மாதிரி கறுத்த விதையைச் சுவரோரம் தூவிவிட்டால் போதும். அடியில் கிழங்கு வைத்துக்கொண்டு, வெயிலில் காய்ந்தாலும் மறுபடி துளிர்க்கும். ஒரே செடியில் மஞ்சளும் ரோஸும், சில பூவில் பாதிக்குப் பாதி இரண்டும்.

மல்லிக்குத்தான் உழைப்பு. மேற்கு வெயில் எனக்கு எதிரி என்றால் மல்லிக்குச் சாப்பாடு. நாளெல்லாம் வெயில் படாத மல்லி இலையைத்தான் காட்டும். நவம்பர் கடைசியில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கவாத்து செய்துவிட்டதால் மார்ச்சில் புதுக்கிளை அடித்து வந்தது. மல்லி மொட்டு வைப்பது புதுக்கிளையின் நுனியில்தான். ஒவ்வொரு சுற்றும் பூத்து முடிந்ததும் நுனியை இரண்டு கணுவோடு கிள்ளிவிடுகிறேன். கிள்ளாத கிளை சும்மா கொடியாக ஓடுகிறது. தொழு உரம், கொஞ்சம் கடலைப் பிண்ணாக்கு ஊறிய தண்ணீர், அவ்வளவுதான். மே மாதத்தில் சில மொட்டுகள் விரியாமலே ஊதா நிறமாகி, பக்கத்தில் ஊசித் துளையோடு நின்றன. மொட்டுப்புழு. ஊதா மொட்டுகளைத் தேடிப் பறித்து சோப்புத் தண்ணீரில் போட்டுவிட்டு, வேப்பெண்ணெயை சோப்புக் கரைசலில் கலந்து வெயில் தாழ்ந்ததும் அடித்தேன். உச்சி வெயிலில் அடித்தால் இலை கருகும்.

மொட்டுப் பறிப்பதில் ஒரு சின்ன நுணுக்கம். பச்சை ஓடிய மொட்டு பறித்த பிறகு விரியவே விரியாது. காம்புக்கு மேலே வெளுத்து, நுனி லேசாக உப்பிய மொட்டு அன்றைக்கு இரவே விரியும். ஐந்து மணிக்கு அப்படிப்பட்ட மொட்டுகளாகப் பார்த்து ஒரு கைப்பிடி உருளியில் போட்டால், ஏழு ஏழரைக்குள் தாழ்வாரத்தில் பேச்சே அதைப் பற்றித்தான் இருக்கும். நிறையப் போட வேண்டாம், தலை வலிக்கும்.

எனாமல் சாமானில் நான் எடுத்தது ஒன்றே ஒன்று, நீல விளிம்பு வைத்த வெள்ளை வட்டில். அடியில் துரு தின்ற ஓட்டைகள் ஏற்கெனவே இருந்ததால்தான் எடுத்தேன். நல்ல எனாமலில் நாமாக டிரில் போட்டால் சுற்றிலும் கண்ணாடி மாதிரித் தெறிக்கும். ஏனென்றால் அந்தப் பூச்சு கண்ணாடியேதான், தகட்டின் மேல் உருக்கி ஒட்டியது. துருப் பிடித்த இடங்களை மட்டும் ஈர உப்புத்தாளால் தேய்த்து, காய்ந்ததும் எனாமல் பெயின்ட் ஒரு கோட். ஆழமில்லாத வட்டிலுக்குப் பத்துமணிப்பூதான் சரி, மேசை ரோஜா என்றும் சொல்வார்கள். மேலோட்டமான வேர், மணல் கலந்த மண், நல்ல வெயில் போதும். வெயில் பட்டால்தான் அது கண் திறக்கும் என்பதால் வட்டிலைக் கிணற்றுத் திட்டில் வைத்தேன். தாழ்வாரத்திலிருந்து பார்த்தால் தெரிகிற இடம். தகரம் சூடேறி வேர் வெந்துவிடாமல் இருக்க அடியில் இரண்டு செங்கல்.

பரணில் கிடந்த ஈசிச்சேர் எங்கள் மாமனார் காலத்து தேக்கு. சட்டம் கல் மாதிரி இருந்தது, துணி மட்டும் இற்றுப் போயிருந்தது. கேன்வாஸ் வாங்கப் போய், பெட்டியில் மடித்துக் கிடந்த பவானி ஜமுக்காளம் ஞாபகம் வர, திரும்பி வந்துவிட்டேன். அதன் ஒரு மூலை எலி கடித்தது. விரிக்க லாயக்கில்லை, வெட்ட மனசு வந்தது.

ஜமுக்காளத்தில் கண்ணுக்குத் தெரியும் வண்ணப் பட்டை எல்லாம் ஊடு, அதாவது குறுக்கே ஓடும் நூல். பாவு நூல் உள்ளே மறைந்து நீளவாக்கில் ஓடும். ஆள் பாரம் விழுவது துணியின் நீளத்தில், ஆகையால் பாவு மேலிருந்து கீழே போகும்படி வெட்ட வேண்டும். பட்டைகள் முதுகுக்குக் குறுக்கே வரும். அளவை இற்றுப்போன துணியில் எடுக்கக் கூடாது, அது பல வருஷம் தொய்ந்த துணி. மேல் சட்டத்துக்கும் கீழ்ச் சட்டத்துக்கும் நடுவே கயிறு கட்டி, உட்காரும் பள்ளம் வரும் அளவுக்குத் தொய்ய விட்டு, அந்தக் கயிற்றை அளந்தேன். அதில் நாலு விரல் குறைத்தேன், பருத்தி எப்படியும் இழுபடும். இரண்டு முனையிலும் தடி நுழைகிற மடிப்புக்குத் தனியாகத் துணி. வெட்டுவதற்கு முன்னால் ஒருமுறை நனைத்துக் காயவைத்து, வெட்டப்போகிற கோட்டின் இருபுறமும் தையல் ஓட்டிவிட்டுத்தான் கத்தரி வைத்தேன். இல்லாவிட்டால் ஊடு முழுவதும் அவிழ்ந்து கையோடு வந்துவிடும். மடிப்பில் மூன்று கனம் சேரும்போது வீட்டுத் தையல் மிஷின் ஊசி தாங்காது. கடைத்தெருவில் பை தைக்கிறவரிடம் கொடுத்து மூன்று வரிசை தைத்துக்கொண்டேன். முதல் நாள் அதில் உட்கார்ந்தது 25 கிலோ அரிசி மூட்டை. ராத்திரி முழுக்க அது சுகமாகச் சாய்ந்திருந்துவிட்டு, காலையில் துணி இரண்டு விரல் இறங்கியிருந்தது, தையல் அசையவில்லை.

மரத்துக்கு ஆளிவிதை எண்ணெய் ஒரு கை. இதில் ஒரு எச்சரிக்கை: எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காயும்போது சூட்டைக் கக்கும்; சுருட்டிய துணிக்குள் சூடு சேர்ந்து தானே தீப்பிடிக்கும். கொடியில் விரித்துக் காயவைத்து, அப்புறம் குப்பையில் போடுங்கள்.

மிச்சம் இருந்தது அந்த மதிய வெயில். அதற்கு வெட்டிவேர்த் தட்டிகள், தாழ்வாரத் தூண்களுக்கு நடுவே. மேலே அரை அங்குல பிவிசி குழாயில் இரண்டு விரலுக்கு ஒரு ஊசித்துளை, அதற்கு ஒரு வாளித் தண்ணீர், நடுவில் மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் டியூப். சொட்டின் வேகத்தை அதன் சக்கரத்தில் கூட்டிக் குறைக்கலாம். நம் ஊர்க் காற்று வறண்டது என்பதால் தண்ணீர் சட்டென்று ஆவியாகிச் சூட்டை இழுத்துக்கொள்கிறது. சென்னை, நாகப்பட்டினம் மாதிரிக் கடலோரத்தில் இதே தட்டி வாசம் தரும், குளிர்ச்சி பெரிதாகத் தராது. மூன்று மணிக்கும் உட்காரலாம் என்று இது கொடுத்த சலுகை, நான் போட்ட இரண்டு வேளைக் கணக்கில் வராதது.

ராத்திரி வாளியை நிறுத்தித் தட்டியைக் காயவிட வேண்டும். நாளெல்லாம் ஈரமாகவே இருந்தால் பூஞ்சை பிடித்து வாசம் நாற்றமாகிவிடும். ஆடிக் காற்று வந்ததும் அவிழ்த்து, முழு வெயிலில் இரண்டு நாள் போட்டு, சுருட்டிப் பரணில் ஏற்றுவதாகத் திட்டம். ஈசிச்சேர் இருந்த இடம் காலியாகத்தான் இருக்கிறது.